பழைய ரூட்டரை இரண்டாம் கட்டில் வைத்து வைஃபையை நீட்டிக்க முடியுமா?

கேள்வி (கானாடுகாத்தான்):
எங்கள் வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் பழைய வீடு. ஃபைபர் பெட்டி முகப்பில் இருக்கிறது. வளவு (நடுமுற்றம்) வரை வைஃபை ஓரளவு கிடைக்கிறது. இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படிக்குப் போனால் அறவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து தம்பி வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் எங்கள் ஆத்தா கைபேசியைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு வந்து, தூணோரம் நின்றபடியே பேசி முடிக்கிறார்கள். பரணில் ஒரு பழைய ரூட்டர் கிடக்கிறது. நான்கு மஞ்சள் துளைகளும் ஒரு நீலத் துளையும் கொண்டது. அதைப் பயன்படுத்த வழி உண்டா? சுவரில் துளையிட மட்டும் சொல்லாதீர்கள். ஆணி அடிப்பதற்கே பங்காளிகளைக் கேட்க வேண்டிய வீடு இது.

மறுமொழி 1 (காரைக்குடி):
ரூட்டரில் ரிப்பீட்டர் வசதி (வைஃபை அலையை வாங்கித் திரும்பப் பரப்புவது) இருந்தால் வளவில் வைத்து இயக்கிப் பாருங்கள். கேபிள் தேவைப்படாது.

மறுமொழி 2 (தேவகோட்டை):
மேலே நண்பர் சொன்னது சிறிய வீட்டுக்குப் பொருந்தும். ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். நம் வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சுவர்களைக் கடந்து வரும் நலிந்த அலையைத்தான் அது மேலும் பரப்பும். ஆகவே கேபிள் இழுத்து, பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவியாக, மாற்றுவதே சரி.

முதலில் ரீசெட் துளையில் குண்டூசியால் பத்து விநாடி அழுத்திப் பழைய அமைப்புகளை நீக்குங்கள். மடிக்கணினியை மஞ்சள் துளையில் இணைத்து, முகப்பு ரூட்டரின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 எனக் கொடுங்கள். முகப்பு ரூட்டர் தானாக வழங்கும் முகவரி வரிசைக்குள் இந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய முகவரி வழியே ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் நுழைந்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முகப்பில் உள்ளவாறே வைத்து, சேனலை மட்டும் வேறாக்குங்கள்: அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. கடைசியாக, முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி வசதியை இதில் நிறுத்துங்கள். அதன் பின்னரே முகப்பிலிருந்து வரும் கேபிளை மஞ்சள் துளையில் செருக வேண்டும். நீலத் துளை காலியாகவே இருக்கட்டும்.

டிஹெச்சிபியை நிறுத்த மறந்து நான் பட்டது போதும். எங்கள் வீட்டு மணிவிழாவன்று இரண்டு ரூட்டர்களும் போட்டி போட்டு முகவரி வழங்க, வந்திருந்த உறவினர்களில் பாதிப்பேருக்கு இணையம் இல்லை. மீதிப்பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுமொழி 3 (பள்ளத்தூர்):
துளையிடாமல் கேபிள் கொண்டுபோக, நிலைக்கதவின் மேலுள்ள காற்றுச் சந்துகளும் தாழ்வாரத்து உத்தரங்களும் போதும். வளவு வானம் பார்த்தது என்பதால் அந்தப் பகுதியில் வெயில் மழை தாங்கும் கறுப்பு உறையிட்ட வெளிப்புறக் கேபிளையே போடுங்கள். முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும், நீண்ட தூரத்துக்கு அது ஆகாது. இந்த ஈத்தர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர் வரை வரம்பு இருப்பதால் உங்கள் நீளம் அதற்குள் அடங்கிவிடும். இடி மின்னலின்போது மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, கேபிளையும் இரு முனைகளிலும் கழற்றி வையுங்கள்.

கேட்டவர்:
நேற்று முடித்தேன். கேபிள் உத்தரத்தின் நிழலில் இருப்பதால் கண்ணுக்கே தெரியவில்லை. ஆத்தா அடுப்படியில் மனையில் உட்கார்ந்து, பணியாரக் கல்லில் எண்ணெய் விட்டபடியே தம்பியோடு பேசினார்கள். ஒரு குறை மட்டும் உண்டு: முகப்பிலிருந்து உள்ளே போகும்போது கைபேசி பழைய அலையையே பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது.

மறுமொழி 2 (தேவகோட்டை):
எப்போது மாறுவது என்பதைக் கைபேசிதான் முடிவு செய்கிறது. முகப்பு ரூட்டரின் அலை வலுவை ஒரு படி குறைத்துப் பாருங்கள். வளவைத் தாண்டியதும் அது விட்டுவிடும்.