வேறு கணினியில் இசைக்குறிகள் கட்டங்களாகத் தெரிகின்றன

கேள்வி: வணக்கம். டர்பனில் சாட்ஸ்வொர்த் பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்கிறேன். பாடக்குறிப்பை வேர்டில் எழுதி, இடையிடையே பிராவுரா என்ற இசை எழுத்துருவின் குறிகளைச் சேர்த்தேன். அவை என் கணினியில் சரியாகத் தெரிந்தாலும் மாணவர் கணினியில் வெற்றுக் கட்டங்களாகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, ஸ்டைன்பர்க் நிறுவனம் 2013இல் வெளியிட்ட பிராவுரா, இசை எழுத்துருக்களுக்கான பொது நெறியான ஸ்மூஃபல்படி, யூனிகோடில் எந்த எழுத்துக்கும் ஒதுக்காமல் விட்ட தனிப்பயன் பகுதியில் குறிகளை வைத்திருப்பதால் (வயலின் இசைத்தாளின் தொடக்கக் குறியான ஜி கிளெஃபின் எண் ஈ050), அவ்வெழுத்துரு நிறுவப்படாத கணினியில் அந்த எண்ணுக்கு உருவமே இல்லை. அது இலவச எழுத்துரு; மாணவருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். அச்சிட மட்டும் என்றால், எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் போதும்.

பதில் 2: வேர்டில் உரைக்கு நடுவே எழுதவென்றே உள்ள பிராவுரா டெக்ஸ்ட்டையே பயன்படுத்துங்கள், அண்ணா. வெறும் பிராவுராவில் வரி இடைவெளி அளவின்றி விரிந்து பக்கமே கெட்டுவிடும்.

பதில் 3: வேர்டு அல்லாமல், இசை எழுதும் மென்பொருளான டோரிக்கோவில் வேறு ஸ்மூஃபல் எழுத்துருவைச் சேர்ப்பவர்கள், அதை நிறுவுவதோடு நில்லாமல், கோட்டுத் தடிமன் முதலிய அளவுகளைக் கொண்ட ஜேசன் (JSON) தரவுக் கோப்பையும் ஸ்மூஃபல் கோப்புறையில் வைக்க வேண்டும்.