கார்த்திகைக் கொத்து முதல் வகையா, இரண்டாம் வகையா?

மையச் செறிவு, ஒளிர்வு வேறுபாடு, விண்மீன் எண்ணிக்கை என மூன்று படிகளில் விண்மீன் கொத்துகளைப் பிரிக்க வானியலாளர் ராபர்ட் டிரம்ப்ளர் 1930-இல் வகுத்த முறைப்படி கார்த்திகை விண்மீன் கொத்தை வகைப்படுத்த முயன்று, முதல் படியிலேயே நிற்கிறேன். மையத்தில் நன்கு செறிந்த முதல் வகை என ஒரு பட்டியலும், செறிவு குறைந்த இரண்டாம் வகை என மற்றொன்றும் கூறுகின்றன.

அக்டோபர் கடைசியில் லடாக்கின் ஹான்லேயில் மூன்று இரவுகள் 10 மடங்கு, 50 மி.மீ. இருகண்நோக்கியால் பார்த்தேன், 8 அங்குலத் தொலைநோக்கியில் முழுக் கொத்தும் ஒரே காட்சியில் அடங்கவில்லை. ஒளிர்வு வேறுபாடு மிகுதி என்பதிலும், 100-க்கு மேற்பட்ட விண்மீன்கள் இருப்பதால் அது செழுமையான கொத்து என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் எடுத்த படத்தில் மையத்திலிருந்து வளையம் வளையமாக எண்ணியபோது, பிரகாசமானவற்றை மட்டும் கொண்டால் செறிவு தெளிவாகத் தெரிகிறது. மங்கலானவற்றையும் சேர்த்தால் அது தளர்ந்துவிடுகிறது.

மையச் செறிவைத் தீர்மானிக்க, எந்தப் பொலிவெண் (விண்மீனின் ஒளிர்வைக் குறிக்கும் எண்) வரையிலான விண்மீன்களை எண்ண வேண்டும்?