ஏ.பி.பி. செலக்‌ஷன் வந்துருச்சு, போலீஸ் வெரிபிகேஷன்ல நிக்குது. காலேஜ் டைம் 143, 188 கேஸ் தடையா இருக்குமா?

கரூர்_வக்கீலம்மா:

சீனியர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். டி.என்.பி.எஸ்.சி. நடத்துற அசிஸ்டன்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர் (ஏ.பி.பி., கிரிமினல் கோர்ட்ல அரசுத் தரப்புல வழக்கு நடத்தற வக்கீல்) கிரேடு 2 எக்ஸாம்ல பிரிலிம்ஸ், மெயின், ஓரல் டெஸ்ட் எல்லாம் தாண்டி செலக்‌ஷன் லிஸ்ட்ல பேர் வந்துருச்சு, கவுன்சிலிங்கும் முடிஞ்சுது. கிரிமினல் கோர்ட்ல அஞ்சு வருஷம் பிராக்டிஸ் இருந்தாத்தான் அப்ளையே பண்ண முடியும்னு இருக்கறதால, என்ரோல் ஆன நாள்ல இருந்து ஜே.எம். (ஜுடிஷியல் மாஜிஸ்ட்ரேட்) கோர்ட்டே கதின்னு கிடந்து வாங்கின ரேங்க் இது.

விஷயம் என்னன்னா 2017 ஜனவரி ஜல்லிக்கட்டு போராட்டத்துல எங்க லா காலேஜ் பசங்க எல்லாரும் உக்காந்தோம், நானும் உக்காந்தேன். அப்ப ஐ.பி.சி. 143 (சட்டவிரோதமா கூடறது), 188 (அதிகாரி போட்ட உத்தரவை மீறறது) பிரிவுகள்ல ஒரு எஃப்.ஐ.ஆர். போட்டாங்க, அதுல என் பேரும் இருக்கு. கல்லு எறிஞ்சது, வண்டி உடைச்சது எதுவும் இல்ல, ரோட்டுல உக்காந்து கோஷம் போட்டது மட்டும்தான். 2021ல அந்த கேஸ்களை எல்லாம் வாபஸ் வாங்கறோம்னு சட்டசபையில அறிவிச்சதுக்கு அப்புறம் ஃபர்தர் ஆக்‌ஷன் டிராப்ட்னு (மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதுன்னு) ரிப்போர்ட் போட்டு கோர்ட்ல க்ளோஸ் பண்ணிட்டாங்க. பார் கவுன்சில்ல என்ரோல் பண்ணும்போதும் இந்த கேஸை எழுதித்தான் கொடுத்தேன், தேர்வாணைய அப்ளிகேஷன்லயும் எழுதினேன், இப்ப வெரிபிகேஷன் ஃபார்ம்லயும் எழுதிட்டேன்.

வீட்டுக்கு விசாரிக்க வந்துட்டும் போயிட்டாங்க. அதுக்கு அப்புறம் ஒரு தகவலும் இல்ல. என்கூட செலக்ட் ஆன சிலருக்கு ஆர்டர் வந்துருச்சு. எங்க அப்பா நெசவு வேலை, தினமும் சாயங்காலம் நான் வீட்டுக்குள்ள வந்ததும் முகத்தைத்தான் பாக்கறாரு, வாய் திறந்து கேக்கறது இல்ல. இந்த கேஸை வச்சு வேலை இல்லன்னு சொல்ல முடியுமா? நான் இப்ப என்ன பண்ணணும், சும்மா காத்திருக்கறதா, ஐகோர்ட்ல ரிட் மனு போடறதா? கையில இருக்கற கேஸ்களை வேற யாருக்காவது மாத்தி விடணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை_ரிட்_கோர்ட்:

மேடம், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மூணு இடத்துலயும் மறைக்காம எழுதினீங்க பாருங்க, பாதி கேஸ் அங்கயே ஜெயிச்சாச்சு. இந்த மாதிரி விஷயத்துல வேலை போறவங்க பெரும்பாலும் கேஸ் இருந்ததால போறது இல்ல, இருந்த கேஸை "இல்லை"ன்னு டிக் அடிச்சதால போறாங்க.

அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம், 2016 ஜூலைல சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதிகள் பெஞ்ச் கொடுத்த தீர்ப்பு, (2016) 8 எஸ்.சி.சி. 471. அதுல 38வது பாராவை மட்டும் பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க. சின்ன வயசுல கோஷம் போட்டது மாதிரி அற்பமான விஷயத்துல தண்டனையே ஆகி, அதை மறைச்சே இருந்தாலும்கூட வேலை கொடுக்கறவங்க அவங்க அதிகாரத்தைப் பயன்படுத்தி அதைக் கண்டுக்காம விடலாம்னு அதுல இருக்கு. உங்களுக்கு தண்டனையும் இல்ல, மறைக்கவும் இல்ல. ஆனா அதே பாராவுல இன்னொரு பக்கமும் இருக்கு, உண்மையைச் சொல்லிட்ட ஒரே காரணத்துக்காக வேலை கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் கிடையாது, ஆளோட பின்னணியைப் பாத்து முடிவெடுக்கற உரிமை கவர்மென்ட்டுக்கு இருக்கு. அந்த உரிமையை மனசுக்குத் தோணினபடி பயன்படுத்த முடியாது, வேலையோட தன்மை, குற்றத்தோட தன்மை எல்லாத்தையும் வச்சுப் பாத்துத்தான் சொல்லணும்.

அதுக்கு மேல 188 எஃப்.ஐ.ஆரே சட்டப்படி நிக்காதுன்னு 2018 செப்டம்பர்ல நம்ம ஐகோர்ட் மதுரை பெஞ்ச்ல ஜீவானந்தம் கேஸ்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு கொடுத்தாரு, ஞாபகம் இருக்கும். சம்பந்தப்பட்ட அதிகாரி மாஜிஸ்ட்ரேட் கிட்ட எழுத்து மூலமா கம்ப்ளைன்ட் கொடுக்கணும், போலீஸ் தானா எஃப்.ஐ.ஆர். போட முடியாதுன்னு. அமைதியா உக்காந்து எதிர்ப்பு தெரிவிச்சா அது 143 ஆகாதுன்னும் அதுலயே இருக்கு. உங்க ஊர்ப் பக்கம் போட்ட கேஸ்தான் அது.

என் கருத்து, உடனே ரிட் போடுங்க. பரிசீலிச்சு ஆர்டர் போடச் சொல்லி ஒரு மாண்டமஸ், அதாவது அதிகாரிங்களுக்கு ஐகோர்ட் கட்டளை.

பழைய_ஏபிபி:

மேல தம்பி சொன்ன சட்டம் எல்லாம் சரி, ஆனா ரிட் இப்ப வேண்டாம்மா. உனக்கு யாரும் இன்னும் "இல்லை"ன்னு சொல்லல. இப்ப போனா "ரெப்ரசன்டேஷனைப் பரிசீலிங்க"ன்னு ஒரு ஆர்டர் வரும், அந்த ரெப்ரசன்டேஷனை (துறைக்குக் கொடுக்கற கோரிக்கை மனுவை) நீ இன்னும் கொடுக்கவே இல்லையே.

நான் இந்த வேலையில இருந்து ரிட்டயர் ஆனவன். ஃபைல் எங்க நிக்கும்னு சொல்றேன் கேளு. வெரிபிகேஷன் ஃபார்ம்ல நீ தங்கியிருந்த ஊர் எல்லாம் எழுதியிருப்ப இல்லையா, அந்தந்த ஊர் போலீஸுக்கு தனித்தனியா போகும். நீ காலேஜ் படிக்க ஒரு ஊர்ல ஹாஸ்டல், ஜூனியரா வேற ஊர்ல ரூம், இப்ப சொந்த ஊர்னு இருந்தா எல்லா இடத்துல இருந்தும் ரிப்போர்ட் திரும்பி வந்தாத்தான் ஃபைல் நகரும். ஒரே ஊர்ல பொறந்து வளந்து அங்கயே பிராக்டிஸ் பண்ற பையனுக்கு ஆர்டர் சீக்கிரம் வர்றதுக்கு அதான் காரணம். அவன் மேல கேஸ் இல்லைங்கறது மட்டும் காரணமா இருக்கணும்னு அவசியம் இல்ல.

அடுத்தது இதைவிட முக்கியம். கோர்ட்ல கேஸ் க்ளோஸ் ஆனது வேற, ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல க்ளோஸ் ஆனது வேற. விசாரிக்க வர்றவர் ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய் சி.சி.டி.என்.எஸ்.ல (போலீஸ் கேஸ் விவரம் எல்லாம் இருக்கற கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல) உன் பேரைத் தட்டுவாரு. அங்க எஃப்.ஐ.ஆர். நம்பருக்கு நேரா இன்னும் "விசாரணையில் உள்ளது"ன்னே நின்னா அவரு ரிப்போர்ட்ல அதைத்தான் எழுதுவாரு. மேல இருக்கற செக்‌ஷன் ஆபீசர் அதைப் பாத்ததும், நீ முடிஞ்சுதுன்னு எழுதியிருக்க, போலீஸ் நிலுவையில இருக்குன்னு எழுதியிருக்கு, ரெண்டும் ஒத்துப் போகலன்னு மறுபடி விளக்கம் கேட்டு கீழ அனுப்பிடுவாரு. இப்படியே சுத்தும்.

அதனால நீ செய்ய வேண்டியது, அந்த ஜே.எம். கோர்ட்ல காப்பி அப்ளிகேஷன் போட்டு ஃபைனல் ரிப்போர்ட்டும், அதை ஏத்துக்கிட்டு மாஜிஸ்ட்ரேட் போட்ட ஆர்டரும் சர்டிஃபைட் காப்பி வாங்கு. பழைய கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருக்கும், தேடறதுக்கு நாள் ஆகும்னு சொல்லுவாங்க, விடாத. எஃப்.ஐ.ஆர்., ரிப்போர்ட், ஆர்டர் மூணையும் சேர்த்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.பி. ஆபீசுக்கும் ஒரு மனு, ரெக்கார்டைத் திருத்தச் சொல்லி. அதோட காப்பியை வச்சு துறைக்கு ஒரு ரெப்ரசன்டேஷன். எல்லாம் அக்னாலட்ஜ்மென்ட்டோட ரிஜிஸ்டர்டு தபால். கையில கொடுத்தா ஆபீஸ் சீல் போட்டு வாங்கு.

நெல்லை_ஜூனியர்:

நான் ஏ.பி.பி. இல்ல, வேற ஒரு கவர்மென்ட் போஸ்ட், ஆனா இதே நிலைமை. ஒரு ஸ்டேஷன்ல என் மேல கேஸ் இருக்குன்னு ரிப்போர்ட் போயிருந்துச்சு, எனக்கே தெரியாது. பாத்தா எங்க தெருவுல நடந்த ஒரு சண்டையில "மற்றும் சிலர்"னு போட்டுட்டு பின்னாடி பேர் சேர்த்திருக்காங்க. சம்மன் கூட வரல. அவதார் சிங் தீர்ப்புலயே, கேஸ் இருக்கறது ஆளுக்குத் தெரியாம இருந்தா அது வேலையைப் பாதிக்கலாம், ஆனா குற்றத்தோட தீவிரத்தைப் பாத்துட்டுத்தான் அதிகாரி முடிவு பண்ணணும்னு இருக்கறதைக் காட்டித்தான் வெளிய வந்தேன்.

அதனால இனிமே அப்ளை பண்ணப் போறவங்க யாரா இருந்தாலும், ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடி இ-கோர்ட்ஸ் சைட்ல உங்க பேரைப் போட்டு ஒரு தடவை, எஃப்.ஐ.ஆர். நம்பர் தெரிஞ்சா ஸ்டேஷன், வருஷம் போட்டு ஒரு தடவை தேடிடுங்க. தமிழ்நாடு போலீஸ் சைட்ல பணம் கட்டி நம்மளே நம்ம பேருக்கு வெரிபிகேஷன் போட்டு ரிப்போர்ட் வாங்கற வசதியும் இருக்கு. அதுல என்ன வருதோ அதேதான் நாளைக்கு அவங்க கண்ணுலயும் படும்.

ஃபைல் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆர்.டி.ஐ. போடுங்க மேடம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாளுக்குள்ள பதில் கொடுக்கணும். "ஏன் தாமதம்"னு கேக்காதீங்க, அதுக்கு பதில் வராது. எந்த தேதியில எந்த ஆபீசுக்கு ஃபார்ம் போச்சு, எந்த தேதியில திரும்பி வந்துச்சு, இப்ப எந்த செக்‌ஷன்ல இருக்குன்னு தேதியா கேளுங்க, அந்தத் தேதிகள்தான் நாளைக்கு ரிட் போட வேண்டி வந்தா அஃபிடவிட்டுக்கு உதவும்.

சிவில்_ஜட்ஜ்_ஆஸ்பிரன்ட்:

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கணும். நான் போன வருஷம்தான் என்ரோல் ஆனேன். ஏ.பி.பி.க்கு அஞ்சு வருஷம்னு தெரியும், சிவில் ஜட்ஜுக்கும் இப்ப மூணு வருஷம்ங்கறாங்களே, புரொவிஷனல் (தற்காலிக) என்ரோல்மென்ட்ல இருந்து கணக்கா, பார் எக்ஸாம் பாஸ் ஆனதுல இருந்தா? போலீஸ் வெரிபிகேஷன் அதுக்கும் இப்படித்தான் இருக்குமா?

மதுரை_ரிட்_கோர்ட்:

புரொவிஷனல் என்ரோல்மென்ட் தேதியில இருந்தே கணக்கு. 2025 மே 20ஆம் தேதி ஆல் இந்தியா ஜட்ஜஸ் அசோசியேஷன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. நீதிபதிகள் கிட்ட லா கிளார்க்கா இருந்த காலமும் சேரும். பத்து வருஷம் சீனியாரிட்டி இருக்கற வக்கீல் கிட்ட சர்டிபிகேட் வாங்கி, அதுல அந்த ஊர் கோர்ட்டோட தலைமை நீதித்துறை அதிகாரி எண்டார்ஸ் பண்ணணும். அதனால இப்ப இருந்தே நீங்க ஆஜரான கேஸ் நம்பர், வக்காலத்து நகல் எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வைங்க தம்பி. வெரிபிகேஷன் அதுக்கும் உண்டு, ஜட்ஜ் போஸ்ட்டுங்கறதால இன்னும் கூர்ந்து பாப்பாங்க.

பழைய ஏ.பி.பி. சார் சொன்னதை ஏத்துக்கறேன், ரெப்ரசன்டேஷன் முதல்ல போகட்டும். ஆனா நியாயமான டைம் கொடுத்தும் அசையலைன்னா காத்திருக்க வேண்டாம். காரணம் எழுதாம, உங்களைக் கேக்காம ரத்து பண்ணினா அது ஐகோர்ட்ல நிக்கறது கஷ்டம். ஒரு விஷயம் சொல்லணும், போலீஸ் வேலைக்கான கேஸ்களைப் படிச்சுட்டு பயந்துடாதீங்க. சந்தேகத்தின் பலன்ல விடுதலை ஆனாலும் கேஸ்ல சம்பந்தப்பட்டவராத்தான் கருதணும்னு மணிகண்டன் கேஸ்ல 2008ல நம்ம ஐகோர்ட் ஃபுல் பெஞ்ச் சொன்னது போலீஸ் சர்வீஸ் ரூல்ஸ்ல இருக்கற தனி விதியை வச்சு. அது ஏ.பி.பி. போஸ்டுக்கு அப்படியே ஒட்டாது. உங்க கேஸ் ட்ரயல் வரைக்கும்கூட போகல.

கரூர்_வக்கீலம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சார் சொன்ன அந்த சி.சி.டி.என்.எஸ். விஷயம் எனக்கு தோணவே இல்ல. விசாரிக்க வந்தவர் கேஸ் முடிஞ்சுதான்னு ரெண்டு தடவை கேட்டாரு, நான் கோர்ட் வெப்சைட்ல டிஸ்போஸ்டுன்னு இருக்கறதை போன்ல காட்டினேன், அவரு பேப்பர் எதுவும் கேக்கல, நானும் கொடுக்கல. காப்பி அப்ளிகேஷன் திங்கக்கிழமை போட்டுடறேன், அந்தக் கோர்ட் ஹெட் கிளார்க் தெரிஞ்சவர்தான்.

ரெண்டு கேள்வி மட்டும். ஆர்டர் லேட்டானா சீனியாரிட்டி போயிடுமா? கையில இருக்கற டிஃபன்ஸ் கேஸ்களை என்ன பண்றது? அது போக ஒரு போக்சோ கேஸ்ல பாதிக்கப்பட்ட பொண்ணுக்காக ஆஜராகறேன், அதை விடறதுக்கு மனசே வரல.

பழைய_ஏபிபி:

சீனியாரிட்டி தேர்வாணைய ரேங்க்கை வச்சுத்தான்மா, யார் முதல்ல ஜாயின் பண்ணாங்கன்னு பாத்து இல்ல. டைம் கொடுத்து ஜாயின் பண்ணச் சொன்னப்ப நீயா தள்ளிப் போட்டாத்தான் சிக்கல். சம்பளம் மட்டும் ஜாயின் பண்ற நாள்ல இருந்து.

பிராக்டிஸை நிறுத்தாத. ஆர்டர் கையில வர்ற வரைக்கும் நீ வக்கீல்தான். போக்சோ கேஸ்ல அந்தப் பொண்ணோட சாட்சியம் முடியற வரைக்காவது கூட இரு, உன்னை நம்பிப் பேசின குழந்தை நடுவுல வேற முகத்தைப் பாக்க வேண்டாம். அதே நேரம் ஒரு ஜூனியரையோ சீனியரையோ வக்காலத்துல இப்பவே சேர்த்துக்கோ, திடீர்னு ஆர்டர் வந்தா வாய்தா வாங்கி கட்சிக்காரரை அலைய விட வேண்டியது இல்ல. புதுசா டிஃபன்ஸ் எடுக்கறதை மட்டும் யோசிச்சு எடு, ஏன்னா நீ எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) ஆஜரான கேஸ் நாளைக்கு நீ போஸ்டிங் ஆகற ஜே.எம். கோர்ட்லயே இருந்தா அதுல அரசுத் தரப்புல நீ நிக்க முடியாது. அப்படி இருக்கற கேஸ் லிஸ்டை ஜாயின் பண்ற அன்னைக்கே எழுதி பிராசிக்யூஷன் டெபுடி டைரக்டர் கிட்ட கொடுத்துடு, வேற ஏ.பி.பி. பாத்துப்பாங்க.

சன்னது (வக்கீல் பதிவு) பத்தியும் சொல்லிடறேன், அடுத்து அதைத்தான் கேப்ப. முழு நேர சம்பளத்துக்குப் போனா வக்கீல் இல்லன்னு பொதுவா சொல்லுவாங்க. ஆனா கோர்ட்ல ஆஜராகி வழக்கு நடத்தற பிராசிக்யூட்டர் வக்கீலாவே தொடர்றாங்கன்னு தீபக் அகர்வால் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 2013ல சொல்லியாச்சு. பின்னாடி மாவட்ட நீதிபதி எக்ஸாமுக்கு ஏழு வருஷக் கணக்கு வரும்போது உனக்கு அது உதவும், அந்தத் தீர்ப்போட காப்பியையும் எடுத்து வை. காப்பி அப்ளிகேஷன் நம்பர் வந்ததும் இங்க எழுது, ரெப்ரசன்டேஷன் டிராஃப்ட் அனுப்பினா நான் பாத்துத் திருத்தித் தர்றேன்.