எடை குறைப்பு ஒப்பரேஷனுக்குக் காப்புறுதி மறுத்திட்டாங்க, மேன்முறையீடு எப்படி எழுதுறது?

ஆரையம்பதித் தம்பி:
அக்காவுக்கு ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கிற) சத்திரசிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டிருந்தம். அத்தான்ட கம்பனியின் குழுக் காப்புறுதி. ஒப்பரேஷன் கொழும்பில. மறுப்புக் கடிதத்தில ரெண்டு காரணம் சொல்லியிருக்கு. "எடை குறைப்பும் அழகுச் சிகிச்சையும்" விலக்குப் பட்டியலில இருக்காம். மற்றது, பி.எம்.ஐ. (கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால பிரிச்சு வாற எண்) 36.8தானாம், இணைநோய்க்கு (உடற்பருமனோட சேர்ந்து வாற நோய்க்கு) ஆதாரமும் இல்லையாம். அக்காவுக்குச் சீனி வருத்தம் இருக்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போறா. நிறை 104 கிலோ. என்ன எழுதி யாருக்கு அனுப்புறது?

கோப்புக்காரன்:
மன்றாட்டுக் கடிதம் மட்டும் எழுதாதீங்க தம்பி. "கஷ்டப்பட்ட குடும்பம், இரக்கம் காட்டுங்க" எண்டு தொடங்கிற கடிதத்தில அவங்க பதில் சொல்ல ஒரு விசயமும் இருக்காது. கோப்பில குத்திப்போட்டு அதே மறுப்பை இன்னொருக்கா அனுப்புவாங்க. ரெண்டு காரணத்துக்கும் தனித்தனியாப் பதில் வேணும்.

முதலாவது காரணம். அத்தானிட்ட இருக்கிறது கம்பனி குடுத்த சின்னக் கையேடாத்தான் இருக்கும். அதை வச்சு வாதாட ஏலாது. மூலப் பத்திரமும் அதோட வாற மேலொப்பங்களும் (பத்திரத்தின் வாசகத்தை மாத்தவோ கூட்டவோ இணைக்கிற தாள்கள்) கம்பனியின் மனிதவளப் பிரிவில இருக்கும், முழுப் பிரதி கேளுங்க. குழுக் காப்புறுதியில பொது விலக்குப் பட்டியல் "எடை குறைப்பு இல்லை" எண்டு சொல்லும், பின்னால ஒரு மேலொப்பம் "கடும் உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை, முன் அனுமதியுடன்" எண்டு திறந்து விட்டிருக்கும். குறிப்பாச் சொன்ன வாசகம்தான் பொதுவாச் சொன்னதை மீறி நிக்கும். மேலொப்பத்தின் இலக்கம், திகதி, வாசகம் மூண்டையும் கடிதத்தில அப்படியே எடுத்தெழுதுங்க.

அப்படி ஒரு வரியும் இல்லாம, விலக்குப் பட்டியலில உடற்பருமன் சத்திரசிகிச்சை பேர் சொல்லியே இருந்தா, எத்தனை வைத்தியர் கடிதம் வச்சாலும் அசையாது. பிறகு கம்பனியோட பேசி அடுத்த புதுப்பித்தலில சேர்க்கப் பாக்கிறதுதான் வழி.

அக்கா எவ்வளவு உயரம்?

ஆரையம்பதித் தம்பி:
158 செ.மீ. மேலொப்பம் இருக்கு, மனிதவளப் பிரிவில வாங்கிட்டன். "பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து இணைநோய் இருத்தல்" எண்டு போட்டிருக்கு.

வாவிக்கரை:
கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. 1.58ஐ 1.58ஆல பெருக்கினா 2.4964. 104ஐ அதால பிரிச்சா 41.7. அவங்க சொல்ற 36.8 வரவேணுமெண்டா உயரம் 168 ஆக இருக்கோணும். எங்கயோ 5 எண்ட இலக்கம் 6 ஆகியிருக்கு. கிளினிக் கொப்பியையும் முன் அனுமதிப் படிவத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாருங்க.

ஆரையம்பதித் தம்பி:
கொப்பியில எழுதின 5இன்ட வால் சுழிஞ்சு மேல போய் முட்டி நிக்கிது, பாக்க 6 மாதிரியே இருக்கு. படிவத்தில 168 எண்டுதான் அடிச்சிருக்காங்க. நான் கொப்பியில திருத்திக் குடுக்கலாமா?

வாவிக்கரை:
தொடவே வேணாம்! நோயாளி வீட்டாள் திருத்தின கொப்பி ஆதாரமில்லை, சந்தேகத்துக்கு இடம். அடுத்த கிளினிக் நாளில செருப்பில்லாம உயரமும் நிறையும் திரும்ப அளக்கச் சொல்லுங்க. வைத்தியர் புது வரியில திகதி, உயரம், நிறை, பி.எம்.ஐ. எழுதி, கையொப்பமும் முத்திரையும் வைக்கட்டும். பழைய வரியைத் திருத்திறதெண்டாலும் அவர்தான் ஒரு கோட்டால வெட்டிச் சுருக்கொப்பம் இடவேணும். வெள்ளை மை பூசினா அந்தப் பக்கம் செல்லாத பக்கம்.

41.7 வந்தாலே முதலாவது நிபந்தனை தீர்ந்திட்டுது, இணைநோயே தேவையில்லை. எண்டாலும் இணைநோய்த் தாள்களையும் வச்சிடுங்க. திரும்ப அளக்கிற நேரம் நிறை குறைஞ்சு 99க்கு வந்தா பி.எம்.ஐ. 39.7. அப்ப ரெண்டாவது நிபந்தனைதான் கைகுடுக்கும்.

நர்ஸ் அக்கா, அம்பாறை:
இணைநோய்க்கு "சீனி இருக்கு" எண்ட ஒரு சொல் காணாது தம்பி. கடைசி மூண்டு மாசத்துக்குள்ள எடுத்த எச்பிஏ1சி (ரத்தச் சீனியின் சில மாசச் சராசரியைக் காட்டிற சோதனை) அறிக்கையும், என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை தரம் எண்டு தெரியிற கொப்பிப் பக்கமும் வேணும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தா நித்திரைப் பரிசோதனை செய்யலாம். நித்திரையில மணித்தியாலத்துக்கு மூச்சுத்தடை 15 தரத்துக்கு மேல எண்டா நடுத்தரம், 30க்கு மேல எண்டா கடுமை, அதுவும் இணைநோய்க்குப் பலமான தாள். கொழுப்பு ஈரலுக்கு ஸ்கான் அறிக்கை.

சத்திரசிகிச்சை நிபுணரின் கடிதம் ஒரு பக்கம் போதும். நிறை, உயரம், அளந்த திகதி, ஒவ்வொரு நோயும் முதன்முதல் கண்டுபிடிச்ச திகதி, உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் எத்தனை மாசம் முயன்றது, என்ன பலன், சத்திரசிகிச்சையின் பெயர், அவரின் இலங்கை மருத்துவப் பேரவைப் பதிவிலக்கம், இவ்வளவும் இருக்கோணும். "நீண்டகாலமாக நீரிழிவு" எண்டு பொத்தாம்பொதுவா எழுத விடாதீங்க. காப்புறுதி தொடங்க முன்னமே இருந்த நோய் எண்டு மூண்டாவது காரணம் பிடிப்பாங்க. கொப்பியில உள்ள உண்மையான முதல் திகதியை எழுதட்டும், அது காப்புறுதிக்கு முந்தின திகதியா இருந்தாலும் மறைக்க வேணாம். முந்தைய நோயையும் ஏற்கிற வாசகம் குழுக் காப்புறுதியில இருக்கலாம், அதையும் பத்திரத்தில தேடுங்க.

ஆரையம்பதித் தம்பி:
ஆசியருக்கு பி.எம்.ஐ. 27.5 போதும் எண்டு எங்கயோ வாசிச்சன். அதையும் எழுதவா? ஒரு முகவர் சொல்றார், இதைக் குடலிறக்க ஒப்பரேஷன் எண்டு போட்டா லேசா முடியுமாம்.

கோப்புக்காரன்:
27.5 உண்மைதான். 2022இல வந்த சர்வதேச வழிகாட்டல், ஆசிய இனத்தவருக்கு 27.5இலேயே சத்திரசிகிச்சை வழங்கலாம் எண்டு சொல்லுது. ஆனா உங்கட ஒப்பந்தத்தில எழுதியிருக்கிற எண் 40. அதைத் தாண்டிட்டம் எண்டு காட்டிறதுதான் வேலை. 27.5ஐக் கடைசிப் பந்தியில ஒரு வரியா வையுங்க. முதல் பந்தியில வச்சா 40ஐத் தொடேல்லை எண்டு நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும்.

குடலிறக்க யோசனையை அந்த முகவரோடயே விட்டிடுங்க. பொய்த் தகவலில வாங்கின அனுமதி, வைத்தியசாலைக் கோப்பைப் பாத்தவுடன ரத்தாகும். முழுப் பணமும் உங்கட தலையில விழும், அத்தான்ட வேலைக்கும் ஆபத்து.

கடிதத்தை நட்டஈட்டு முகாமையாளருக்கு விலாசமிட்டு, முறைப்பாட்டுப் பிரிவுக்கும் மனிதவளப் பிரிவுக்கும் பிரதி போடுங்க. பதிவுத் தபாலிலயும் மின்னஞ்சலிலயும் ஒரே நாளில போகட்டும். தபால் பற்றுச்சீட்டைப் படமெடுத்து வையுங்க, கொஞ்ச மாசத்தில எழுத்து மங்கிடும். முடிவு வருமுன்ன ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்க வேணாம், முன் அனுமதி இல்லாமச் செய்தா அதுவே புதுக் காரணமாகும்.

கடைசி வரியில "உங்கள் இறுதி முடிவை எழுத்தில் தரவும்" எண்டு கட்டாயம் கேளுங்க. திரும்பவும் மறுத்தா அந்தக் கடிதத்தோடதான் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிட்ட (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற நடுவரிட்ட) போகலாம். கட்டணமும் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிகளைக் கண்காணிக்கிறது அவங்கதான்.

ஆரையம்பதித் தம்பி:
சரி அண்ணன். வியாழன் கிளினிக். அளந்து போட்டு, வந்த பி.எம்.ஐ.யை இங்க எழுதுறன்.

நர்ஸ் அக்கா, அம்பாறை:
வெள்ளனப் போங்க. உயரக்கோல் இருக்கிற அறைக்குத்தான் கேளுங்க, சுவரில ஒட்டின தாளில அளக்க விடாதீங்க.