காத்திருப்பு அறைச் சுவர்: அசையாமல் உட்கார்ந்தால் மீன்கள் விட்டுப் போகின்றன, உதவி தேவை

மீன்சுவர்:
அவசரம், வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வேண்டும். ஒரு மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் மீன் கூட்டம் ஓட விட்டிருக்கிறேன், யார் உட்கார்ந்தாலும் அவர் உருவத்தைச் சுற்றி மீன்கள் கூடும். அரை நிமிடத்தில் ஆளை விட்டுக் கலைந்துவிடுகின்றன. அதைவிட மோசம், ரொம்ப நேரம் இருந்தவர் எழுந்து போனதும் காலி நாற்காலியைச் சுற்றுகின்றன. நேற்று ஒரு அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் இருந்த இடத்தில் மீன்கள் வட்டமிட்டதைப் பார்த்து, அடுத்து வந்தவர் அங்கே உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். கேமரா பழுதா?

கம்பிக்காரன்:
என்ன கேமரா, கேபிள் எத்தனை மீட்டர்? யூஎஸ்பி 2.0 கேபிளை 5 மீட்டருக்கு மேல் இழுத்தால் ஃபிரேம் (கேமரா அனுப்பும் ஒவ்வொரு படமும்) இடையிடையே விடுபடும். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் கேபிள்தான்.

நிலா_74:
ஆளை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? கேமரா நாற்காலிகளைப் பார்க்கிறதா, சுவரையுமா? சுவரும் தெரிந்தால் மீன்களையே ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

பழையகை:
பின்புலக் கழித்தல் (மாறாத காட்சியைக் கழித்துப் புதிதாக வந்ததை மட்டும் பிரிப்பது) பற்றிப் படித்துவிட்டு இதில் இறங்கியிருக்கலாம். திரும்பத் திரும்ப இதே கேள்விதான் வருகிறது. என்ன அல்காரிதம் என்றுகூடச் சொல்லாமல் பழுதா என்று கேட்டால் எப்படி?

மீன்சுவர்:
மன்னிக்கவும். சாதாரண வெப்கேம், கேபிள் 3 மீட்டர், நாற்காலிகள் மட்டும் தெரியும். ஓபன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பு, அதில் பின்புலம் கழிக்கும் எம்ஓஜி2, வினாடிக்கு 30 ஃபிரேம். ஹிஸ்டரியை (எத்தனை ஃபிரேமை வைத்துக் கற்கும் என்ற அளவு) 5000 ஆக்கியும் இதே கதை.

பழையகை:
அசையாததைப் பின்புலமாக்குவதுதான் எம்ஓஜி2வின் வேலை. சாலையில் வண்டி எண்ண அது சரி, காத்திருப்பவர்கள் அசையாமல்தானே உட்காருவார்கள். ஹிஸ்டரி 5000 என்றால் கற்றல் வேகம் 1/5000, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்த அளவு புதியதன் பக்கம் நகரும். புதிதாக வந்தது அந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்ததும் பின்புலம் ஆகிவிடும், அதற்கு 527 ஃபிரேம், சுமார் 18 வினாடி. ஆள் லேசாக அசைந்தால் கொஞ்சம் கூடும். ஆறேழு நிமிடம் உட்கார்ந்துவிட்டால் காலி நாற்காலியே அதற்கு அந்நியம், அதனால்தான் அங்கே கூடுகின்றன.

நிலா_74:
காலி அறையில் கற்க வைத்துவிட்டு கற்றல் வேகத்தை 0 ஆக்கலாம், ஆனால் வெயில் மாறினாலே அறை முழுக்க ஆள் என்று காட்டும். எம்ஓஜி2வை விட்டுவிடுங்கள். ஓபன்சிவியின் அக்யுமுலேட்வெயிட்டடில் (பின்புலப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கும் கட்டளை) மாஸ்க், அதாவது எங்கே புதுப்பிக்கலாம் என்று காட்டும் படம் கொடுத்து, ஆள் இல்லாத இடத்தை மட்டும் புதுப்பியுங்கள். நாற்காலி நகர்ந்தால் அது நிரந்தர ஆள் ஆகிவிடும், அதனால் இரவில் அறை காலியானதும் புதிதாகக் கற்க வேண்டும்.

தாழ்வாரம்:
கேள்விக்கு வெளியே ஒன்று. உடம்பு முடியாமல் வந்தவரைச் சுவர் எதற்குக் கவனிக்க வேண்டும்? பரிசோதனை முடிவுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

பழையகை:
ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984இல் சயன்ஸ் இதழில் எழுதியதைப் படியுங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

தாழ்வாரம்:
அந்த மரம் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லையே. அது அறுவை முடிந்து படுத்திருந்தவர்களைப் பற்றியது, இங்கே என்ன சொல்லப் போகிறார்களோ என்று காத்திருப்பவர்கள். இரண்டும் ஒன்றல்ல.

பழையகை:
படம் மாட்டினால் மட்டும் யாரைக் கேட்டு மாட்டுகிறார்கள்?

தாழ்வாரம்:
படத்துக்கு முதுகைக் காட்டி உட்காரலாம்.

கம்பிக்காரன்:
சரி, சில நாற்காலிகளைக் கேமராவுக்கு வெளியே விடுங்கள், காட்சியைச் சேமிக்காதீர்கள், அதைச் சுவரில் எழுதியும் ஒட்டுங்கள். மீன்கள் மின்னுகின்றனவா? வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிட்டால் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து.

மீன்சுவர்:
மின்னவில்லை. மாஸ்க் வைத்ததும் சரியாகிவிட்டது, நன்றி நிலா. ஒருவர் 40 நிமிடம் இருந்தார், மீன்கள் கூடவே இருந்தன, எழுந்ததும் கலைந்துவிட்டன. ஜன்னலோர இரண்டு நாற்காலிகளைக் கேமராவிலிருந்து விலக்கிவிட்டேன், இன்று அவைதான் முதலில் நிரம்பின. இரவில் கற்க வைப்பதை இன்னும் எழுதவில்லை.