பாலில் குளோராம்ஃபெனிகால்: டிபிவி-யில் பீக் இடம் மாறுகிறது, பாதியாகச் சுருங்குகிறது

கேள்வி: பாலில் குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை டிபிவி-யில் (டிஃபரென்ஷியல் பல்ஸ் வோல்டாமெட்ரி, மின்னழுத்தத்தைத் துடிப்புகளாக மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை) அளக்கிறேன். 3 மி.மீ. கிளாசி கார்பன் எலெக்ட்ரோடு, வெள்ளி–வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு, 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர், பிஎச் 7. வெறும் பஃபரில் மருந்தின் பீக் (மின்னோட்ட உச்சம்) −0.62 வோல்ட்டில் அழகாக வருகிறது. பாலை டிரைகுளோரோஅசெட்டிக் அமிலத்தால் திரித்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, தெளிந்த நீரைப் பஃபரில் கலந்தால் பீக் −0.48-க்குப் போகிறது. இரண்டாம் ஸ்கேனில் பாதிதான். −0.4 தாண்டியதும் பேஸ்லைன் (பீக் இல்லாத இடத்து அடிக்கோடு) வேறு சரிகிறது. எதை முதலில் பார்க்க?

பதில் 1: கலவையின் பிஎச்சைப் பாருங்கள். மருந்தின் நைட்ரோ தொகுதி ஒடுங்கும்போது 4 எலெக்ட்ரானோடு 4 புரோட்டானும் சேர்கிறது. பிஎச் ஒன்று இறங்கினால் பீக் சுமார் 59 மில்லிவோல்ட் நேர்ப்பக்கம் நகரும். உங்களுடையது 140 நகர்ந்திருப்பதால் பிஎச் 4.6 அருகே இருக்க வேண்டும். அவ்வளவு அமிலத்தை அந்தப் பஃபர் தாங்காது. சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச்சொட்டாக விட்டு 7-க்குக் கொண்டுவந்த பிறகே செல்லில் ஊற்றுங்கள். பேஸ்லைன் சரிவது கரைந்த ஆக்சிஜனால். 15 நிமிடம் நைட்ரஜன் விடுங்கள்; ஸ்கேன் ஓடும்போது குழாயைத் தூக்கி திரவத்துக்கு மேலே மட்டும் வீசவிடுங்கள், குமிழி வந்தால் கோடு நடுங்கும்.

பதில் 2: பீக் பாதியாவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். 30 விநாடி கலக்கி, 10 விநாடி அடங்கவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பீக் மீண்டால், எலெக்ட்ரோடு அருகே மருந்து தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். மீளாவிட்டால் பரப்பில் புரதமோ விளைபொருளோ படிந்துவிட்டது. 0.05 மைக்ரான் அலுமினாவில் எட்டு வடிவமாகத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஃபெர்ரிசயனைடில் சிவி (சைக்ளிக் வோல்டாமெட்ரி, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி எடுக்கும் ஸ்கேன்) எடுங்கள். இரு பீக்குக்கும் இடைவெளி 80 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் இன்னும் தேய்க்க வேண்டும்.

கேட்டவர்: நன்றி சார். பிஎச் 4.7 இருந்தது! சரிசெய்ததும் −0.61. கலக்கியும் மீளவில்லை, தேய்த்ததும் மீண்டது. கண்டறியும் எல்லை இப்போது 0.2 மைக்ரோமோலார். இந்த மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் 0.15 மைக்ரோகிராம்/கிலோ அளவைத் தொட முடியுமா?

பதில் 1: இந்த வழியில் முடியாது. 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த அளவு பாலில் சுமார் 0.46 நானோமோலார், நீங்கள் 430 மடங்கு மேலே நிற்கிறீர்கள். அமிலத்தை விட்டுவிட்டு எத்தில் அசிடேட்டில் பிரித்தெடுங்கள், புரதத் தொல்லையும் குறையும். 10 மி.லி. பாலின் சாற்றை நைட்ரஜன் வீச்சில் உலர்த்தி, 0.5 மி.லி. பஃபரில் கரைத்து, கூடவே வரும் கொழுப்பை ஹெக்சேனால் கழுவுங்கள். முழுதும் மீண்டால் 20 மடங்கு கிடைக்கும். மீதி 20 சொச்சம் மடங்கை கார்பன் நானோகுழாய்ப் பூச்சு போன்ற பரப்புதான் தர வேண்டும்.

பதில் 2: பஃபரில் போட்ட கேலிப்ரேஷன் கோட்டைப் பாலுக்கு வைக்காதீர்கள், சரிவு மாறும். அதே சாற்றில் மூன்று நான்கு முறை ஸ்டாண்டர்டு சேர்த்து அளவிடுங்கள். பிரித்தெடுப்பில் எவ்வளவு போகிறது என்று தெரிய, இன்னொரு பங்குப் பாலில் எத்தில் அசிடேட் ஊற்றும் முன்பே மருந்தைக் கலந்து ஓட்டுங்கள்.