விளையாட்டில் கற்றவர்கள், கற்பித்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை ஆசிரியை:
முதுகலை மாணவர்களுக்கு உயிர்வேதியியல் நடத்துகிறேன். சங்கிலி போன்ற புரதம் தன் வடிவத்துக்கு மடிவதைக் கரும்பலகையில் வரைந்து விளக்குவது வீண்வேலை. எவ்வளவு கவனமாக வரைந்தாலும் இடியாப்பம் போலத்தான் வரும். அதனால் வகுப்புக் கணினிகளில் ஃபோல்டிட் விளையாட்டை ஏற்றினோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்டது. திரையில் ஒரு புரதச் சங்கிலி தெரியும். இழுக்கலாம், குலுக்கலாம், ரப்பர் பட்டை போட்டு இரண்டு இடங்களை நெருக்கலாம். அணுக்கள் முட்டிக்கொண்டால் சிவப்பாக முள் உருண்டை முளைக்கும். நீரோடு ஒட்டாத பக்கக்கிளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். உள்ளே தள்ளினால் புள்ளி ஏறும்.

"நீர்வெறுப்புப் பகுதிகள் உள்ளே ஒதுங்கும்" என்ற வரியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த மாணவி ஒருத்தி, அந்த ஆரஞ்சுக் கிளையை உள்ளே தள்ளியதும் புள்ளி எகிறியதைப் பார்த்து, "மேடம், இதைத்தான் இத்தனை நாள் சொன்னீர்களா?" என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், போகட்டும்.

குரங்குகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸின் (எச்.ஐ.வி. வகை வைரஸ்) நொதியின் வடிவம் பத்தாண்டுகளுக்கு மேல் ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. 2011-இல் ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் மூன்றே வாரங்களில் அதற்கு நல்ல மாதிரியைக் கொடுத்தார்கள். அதை வைத்து எக்ஸ்-கதிர்த் தரவிலிருந்து வடிவத்தைத் தீர்த்தார்கள். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஆட்டக்காரர் குழுக்களின் பெயரும் இருக்கிறது. இது நடந்ததற்குக் காரணம், அங்கே புள்ளி என்பது புரதத்தின் ஆற்றலைக் கணக்கிட்டு வருவது. புரதம் இயல்பாக மடியும் வடிவில் ஆற்றல் குறைவு; அதனால் ஆற்றல் குறையக் குறையப் புள்ளி கூடும். புள்ளிக்காக அடித்துக்கொள்கிறவரும் அறிவியல் வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார்.

ஈரோட்டு அப்பா:
அந்தக் கடைசி வரி எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. என் மகன் படிக்கும் பள்ளியில் கணக்குக்கு ஒரு வினாடி-வினா செயலி வைத்திருக்கிறார்கள். விரைவாகப் பதில் சொன்னால் கூடுதல் புள்ளி. பையன் கேள்வியைப் பாதி படிக்கும்போதே விரலை வைத்துவிடுகிறான். நான்கில் ஒன்று சரியாக விழுந்தாலும் லாபம் என்று அவனே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். நிகழ்தகவைக் கற்றுக்கொண்டான் என்று வேண்டுமானால் மகிழலாம்! பின்னம் இன்னும் வரவில்லை.

தஞ்சை அத்தை:
நான் தொடக்கப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்குச் செயலி ஏது, பல்லாங்குழிதான். புளியங்கொட்டையைக் குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். வெறுங்குழிக்கு முன்னால் கை ஓய வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை உதட்டை அசைத்து முன்கூட்டியே எண்ணும். அந்த எண்ணிக்கை தப்பினால் கொட்டை கிடைக்காது. எண்ணாமல் ஜெயிக்க வழியே இல்லை, தம்பி. உங்கள் பையனுக்கு ஒரு பலகை வாங்கிக் கொடுங்கள்.

வான்பித்தன்:
புள்ளியே இல்லாமல் இழுத்த ஒன்றைச் சொல்கிறேன். 2007-இல் பொதுமக்கள் பங்கேற்கும் கேலக்ஸி ஜூ இணையதளம் தொடங்கியபோது பல இரவுகள் அதில் போயின. ஸ்லோன் வான ஆய்வில் தொலைநோக்கி எடுத்த படங்களைப் பார்த்து, இந்த விண்மீன் திரள் (கேலக்ஸி) நீள்வட்டமா, சுருளா, சுருளென்றால் கடிகாரத் திசையா எதிர்த்திசையா என்று சொல்ல வேண்டும். மங்கலான ஒரு பொட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடிவுகளில் எதிர்த்திசைச் சுருள்கள் அதிகமாக வந்தன. பிரபஞ்சமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் திருப்பிய படங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் எதிர்த்திசைதான் அதிகம்! கோளாறு வானத்தில் இல்லை, பார்த்த எங்கள் கண்ணில் இருந்தது. பங்கேற்றவர்களையே அளந்து பார்த்த அந்த நேர்மைக்காகத்தான் எனக்கு அதைப் பிடிக்கும். பள்ளிச் செயலிகளை அப்படி யார் சோதிக்கிறார்கள்?

ஈரோட்டு அப்பா:
அத்தை, பலகை வாங்கிவிடுகிறேன். ஆசிரியை அவர்களே, இப்போது புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு மனிதர் புரதத்தை மடித்து விளையாடுவதில் என்ன இருக்கிறது?

கோவை ஆசிரியை:
இருக்கும் புரதத்தின் வடிவத்தைக் கணிப்பதில் கணினி வெகுதூரம் போய்விட்டது, மறுக்கவில்லை. ஃபோல்டிட் ஆட்டக்காரர்கள் இயற்கையில் இல்லாத புரதங்களை வடிவமைப்பதிலும் இறங்கினார்கள். 2019-இல் வெளிவந்த ஆய்வில், அவர்களின் 146 வடிவமைப்புகளை ஆய்வகத்தில் செய்து பார்த்ததில் 56 நிலையாக மடிந்தன. என் வகுப்புக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. அந்தச் சிவப்பு முள் உருண்டை போதும். யாராவது வகுப்பில் முயல்வதானால் தொடக்கப் புதிர்களைத் தாண்டிக் குதிக்க விடாதீர்கள். நேராகப் பெரிய புதிருக்குப் போகிற பையன்கள் கால் மணி நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள்.